வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குச் செல்வோருக்குச் சில பதில்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குச் செல்லவிருக்கும் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கிண்டி பாம்புப் பண்ணையைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். இங்கும் வர வேண்டுமா?

பதில்: அவசியம் வாருங்கள். இரண்டையும் தொடங்கியவர் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர்தான் என்றாலும் இரண்டின் பணியும் வேறு. தோலுக்காக வேட்டையாடப்பட்டும் வாழிடத்தை இழந்தும் இந்திய முதலைகள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட 1970களில், அவற்றைப் பாதுகாப்பான இடத்தில் பெருகச் செய்து ஆறுகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்னும் எண்ணத்தோடு 1976இல் இந்தப் பண்ணை நிறுவப்பட்டது.

கேள்வி: முதலைகள் மணிக்கணக்கில் அசையாமலே கிடக்கின்றன. சிலர் கல்லெறிந்து எழுப்புகிறார்கள். அவை நோயுற்றிருக்கின்றனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நம்மைப் போல உணவை எரித்து உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் விலங்கு முதலை அன்று. அது வெயிலில் சூடேற்றிக்கொண்டு, நீரிலும் நிழலிலும் தணித்துக்கொள்கிறது. வாயைப் பிளந்தபடி கிடப்பதும் பெரும்பாலும் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்வதற்காகவே. அதைச் சீற்றம் என்று எண்ண வேண்டாம். இதனால் அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்குத் தேவைப்படும் உணவில் சிறு பங்கே அதற்குப் போதும். தேவையின்றி அசையாமல் இருப்பது அதன் இயல்பு. எறியப்படும் கல் கண்ணைக் காயப்படுத்தலாம். நாணயமும் பிளாஸ்டிக்கும் வயிற்றுக்குள் போய்விடும். விலங்குக் காட்சியகத்தில் உள்ள விலங்கைச் சீண்டுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் அருகில் நிற்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லுங்கள். என் பரிந்துரை இதுதான்: எல்லா அடைப்புகளையும் ஓடி ஓடிப் பார்ப்பதை விடுத்து, ஏதேனும் ஒன்றின் முன் கால் மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு வந்து போவதையும், நாசியும் கண்ணும் மட்டும் நீருக்கு மேலே தெரியுமாறு பேருடல் அமிழ்வதையும் அப்போதுதான் காண முடியும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களுக்கு எதைக் குறிப்பாகக் காட்டலாம்?

பதில்: முதலில், இந்தியாவின் மூன்று முதலை இனங்களையும் மூக்கின் வடிவைக் கொண்டே பிரித்தறியச் சொல்லுங்கள். நமது ஆறுகளிலும் அமராவதி அணையிலும் வாழும் சதுப்புநில முதலைக்கு அகன்ற மூக்கு. ஒடிசாவின் பிதர்கணிகா, சுந்தரவனம், அந்தமான் பகுதிகளில் வாழும் உவர்நீர் முதலை உலகில் இன்று வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. மீனையே பெரிதும் நம்பி வாழும் கரியலுக்கு நீண்டு ஒடுங்கிய மூக்கும், நூற்றுக்கும் மேற்பட்ட பற்களும் உண்டு. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் மட்டும் ஒரு புடைப்பு இருக்கும். இதன் முதன்மையான வாழிடம் இன்று வட இந்தியாவின் சம்பல் ஆறு.

அடுத்து, முதலைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடையும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். சதுப்புநில முதலையின் முட்டைகள் 31 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இருந்தால் பெண்களும், 32.5 பாகையை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண்களும் பிறக்கின்றன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு தலைமுறையின் ஆண் பெண் விகிதத்தையே மாற்றிவிடும் என்றால், சூடேறிவரும் ஆற்றங்கரைகளைப் பற்றி நாம் கவலைப்படாமல் இருக்க இயலாது.

மாணவர்களை வியக்க வைக்கும் செய்தி மற்றொன்று உண்டு. கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில், இப்பண்ணையின் முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளைத் தாங்கியபடி நீரில் அசையாமல் கிடந்து, குச்சி பொறுக்க வரும் பறவைகளைப் பிடிக்க முயல்வதை ஆய்வாளர்கள் கவனித்து 2013இல் வெளியிட்டார்கள். அசையாமை சோம்பல் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பண்ணை வளாகத்தில் இருளர் பழங்குடியினர் பாம்பு விஷம் எடுத்துக் காட்டுவது பாம்பை வதைப்பதாகாதா?

பதில்: இந்த ஐயம் நியாயமானது. ஆனால் வளாகத்தில் நீங்கள் காண்பது வேடிக்கைக்கான வித்தை அன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வணிகம் நின்றுபோனதால் பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978இல் அமைந்த கூட்டுறவுச் சங்கத்தின் பணி அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமத்தின் பேரில் பிடித்து, ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுத்து, மீண்டும் பிடித்தால் அறிந்துகொள்ள வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தித்தான் தயாராகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது இந்த அறிவுக்குக் கிடைத்த மதிப்பு. வெகு காலம் முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: எப்போது போகலாம்? எதைக் கொண்டு செல்ல வேண்டும்?

பதில்: காலையிலேயே சென்றுவிடுங்கள், கடலோர வெயில் பிற்பகலில் குழந்தைகளை வாட்டிவிடும். திங்கள்கிழமை விடுமுறை. குடிநீரும் தொப்பியும் போதும். தின்பண்டப் பொட்டலங்களை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். முதலைகளுக்கு உணவளிக்கும் நேரத்தை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.