ஒட்டுண்ணி மருந்து இரத்தக்குழாய் அழற்சிக்கு உதவுமா?

கேள்வி: அம்மாவுக்கு வாஸ்குலைட்டிஸ், அதாவது இரத்தக்குழாய் அழற்சி. ஒட்டுண்ணிக்கான மருந்து ஒன்று இரத்தக்குழாய் அழற்சியைக் குறைத்ததாக ஓர் ஆய்வுச் செய்தி படித்தேன். கொடுத்துப் பார்க்கலாமா?

நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் இது மனதில் இருக்கட்டும்.

எனக்கு லூபஸ், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய். காலில் செம்புள்ளிகளாக ஆரம்பித்தது. தோலுக்கடியில் இருக்கும் சிறு இரத்தக்குழாய்கள் வீங்கியதால் வந்தவை. அன்றிலிருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். மலேரியா ஒட்டுண்ணிக்காக வந்த மருந்து அது. ஆகவே உங்கள் நம்பிக்கை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் அந்த மருந்து எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று பாருங்கள். 1951இல் லண்டனில் ஒரு மருத்துவர், மெபாக்ரின் என்ற மலேரியா மருந்தால் லூபஸ் நோயாளிகளின் தோல் தேறியதை எழுதினார். நாற்பது வருடம் கழித்து, 1991இல், கனடாவில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்டு நிலையாக இருந்த 47 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு அதே மருந்து, மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆறு மாதத்தில், வெறும் மாத்திரைக்காரர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. அத்தனையும் மனிதர்களிடம் பார்த்தது.

அதே வரிசையில் லெவமிசோல் என்ற குடற்புழு மருந்தும் உண்டு. நோய் எதிர்ப்பாற்றலைச் சீராக்கும் என்று நம்பி வேறு பல நோய்களுக்கும் கொடுத்தார்கள். சிறுநீரக நோய்க்காக அதை நீண்ட நாள் சாப்பிட்ட சில குழந்தைகளுக்குக் காது மடல் ஊதா நிறத்தில் கன்றிப்போனது. இரத்தக்குழாயே புண்பட்டிருந்தது! லெவமிசோல் கலந்த கொக்கெய்ன் எடுத்தவர்களிடமும் பிற்பாடு இதையே பார்த்தார்கள். பலருடைய இரத்தத்தில் ஆங்கா (ANCA) என்ற, சொந்த வெள்ளணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. வாஸ்குலைட்டிஸில் சில வகைகளுக்கு மருத்துவர்கள் தேடுவதும் அதைத்தான். உங்கள் அம்மாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான்.

அந்தச் செய்தியில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: மருந்தை யாரிடம் சோதித்தார்கள்? கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, நோயாளியிலா? தட்டில் எவ்வளவு அடர்த்தியாகவும் ஊற்றலாம். 2020இல் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைத் தட்டில் கொரோனா கிருமி மேல் ஊற்றிப் பார்த்த அளவு, வழக்கமான மாத்திரையால் இரத்தத்தில் சேரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். பிறகு நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகளில் பலன் கிடைக்கவில்லை.

இன்னொன்று, என் மருந்தே வேலை செய்ய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கண்ணின் விழித்திரையையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். சிலவகை வாஸ்குலைட்டிஸ் சில வாரங்களிலேயே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதனால் ஸ்டீராய்டையோ மற்ற மருந்தையோ ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். செய்தியை அச்செடுத்து அம்மாவின் வாத நோய் மருத்துவரிடமே காட்டுங்கள். அம்மாவுக்கு எந்த வகை வாஸ்குலைட்டிஸ், கடைசிச் சிறுநீர்ப் பரிசோதனை எப்படி இருந்தது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.