பைக்கின் எக்ஸாஸ்ட் வால்வு சர்வோ மோட்டாரைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓட்டும் பழைய 1000 சிசி வண்டியில் சர்வோ மோட்டார் அடிக்கடி இன்ஜின் எச்சரிக்கை விளக்கை எரியவைப்பதாகவும், அதைக் கழற்றி எறிந்தால் எடை குறைந்து வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில் இதே வகை வண்டியைத்தான் ஓட்டுகிறேன். மோட்டாரைக் கழற்றுவதையும் வால்வைக் கழற்றுவதையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்துதான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது.

சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் அந்தச் சிறு மோட்டார், இரண்டு கேபிள்கள் வழியாக எக்ஸாஸ்ட் குழாயினுள் உள்ள தகடு ஒன்றைத் திறந்து மூடுகிறது. அந்தத் தகடுதான் வால்வு. யமஹா 1987இல் எக்ஸப் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பின்னர் சுசூகி, ஹோண்டா, கவாசாகி ஆகியவையும் தத்தம் வடிவங்களைக் கொண்டுவந்தன. சிலிண்டரை விட்டு வெளியேறும் வாயு குழாயில் அழுத்த அலையாக ஓடி, குழாய் விரியும் இடத்தில் மோதித் திரும்புகிறது. உயர்ந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றும்போது, அந்தத் திரும்பலை சரியான கணத்தில் வந்து, எரிந்த வாயுவை உறிஞ்சி வெளியேற்ற உதவும்படி குழாயின் நீளம் அமைக்கப்பட்டிருக்கும். ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் அதே அலை தவறான நேரத்தில் வந்து, எரிந்த வாயுவை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. பாதி மூடிய தகடு அந்த அலையைக் குலைத்து வலுவிழக்கச் செய்கிறது; ஆர்பிஎம் ஏற ஏறத் தகடு முழுமையாகத் திறந்துகொள்கிறது. வண்டியின் சத்தத்தை அடக்குவதும் இதன் மற்றொரு வேலை. சில புதிய வண்டிகளில் அதுவே முதன்மையான வேலை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மோட்டாரின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, அதைக் கோளாறாகப் பதிவுசெய்து விளக்கை எரியவைக்கும். கோளாறு எண் சுசூகியில் சி46 என்று வரும், யமஹாவில் 17 அல்லது 18 என்று வரும். மோட்டார் இருப்பதாக இசியூவை நம்பவைக்கும் டம்மி பிளக் ஒன்றைச் செருகினாலோ, இசியூ மென்பொருளில் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தாலோ விளக்கு அணைந்துவிடும். ஆனால் விளக்கு அணைந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் மோட்டாரைக் கழற்றியபின் கேபிள் இல்லாத தகடு எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் வண்டியின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. பாதி மூடிய நிலையில் இறுகி நின்றால் உயர் ஆர்பிஎம்மில் வண்டி மூச்சுத் திணறும். தளர்ந்து நின்றால் வாயுவின் வேகத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். முழுமையாகத் திறந்து கட்டிவைத்தால் உச்ச வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அந்த இடத்தில் நிறுவனமே அதைத் திறந்துதான் வைத்திருக்கிறது. இழப்பெல்லாம் கீழேதான்: பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் ஏறத்தாழ 3,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை இழுவையில் ஒரு பள்ளம் விழும், சத்தமும் கூடும்.

அந்தப் பள்ளத்தில்தான் நாம் அன்றாடம் வண்டி ஓட்டுகிறோம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து நகருக்குள் போகும் காலை நெரிசலில் எவரும் 10,000 ஆர்பிஎம்மில் ஓட்டுவதில்லை. விடுமுறைக்கு என்3 சாலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, நம் வண்டிகளின் இன்ஜின் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கை இழந்துதான் ஓடுகிறது. இருக்கும் இழுவையையும் குறைத்துக்கொண்டு அங்கே லாரிகளை முந்த முயல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மோட்டாரும் கேபிள்களும் சேர்ந்து குறைக்கும் எடையோ, டேங்கில் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் நிரப்பினாலே குறைந்துவிடும்.

உங்கள் வண்டியில் மோட்டார் கெட்டிருக்கும் என்பதை நான் அவ்வளவு எளிதில் நம்பமாட்டேன். கடற்கரை ஊரின் உப்புக் காற்றும் குழாயில் படியும் கரியும் சேர்ந்து தகட்டின் அச்சை இறுக்கிவிடுகின்றன; மோட்டார் இழுத்துப் பார்த்து முடியாமல் போகவே கோளாறு பதிவாகிறது. சாவியைத் திருப்பியதும் சீட்டுக்கு அடியில் "உய்ங்" என்று ஒருமுறை சுற்றி ஓயும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். அது திக்கித் திணறி வந்தால் பெரும்பாலும் அச்சுதான் இறுகியிருக்கிறது. குழாய் நன்றாக ஆறிய பின், கேபிள்கள் இரண்டிலும் எது எந்தப் பக்கம் என்று அடையாளமிட்டுக் கழற்றிவிட்டு, தகட்டின் கப்பியை விரலால் திருப்பிப் பாருங்கள். நகராவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு ஊறவிட்டு, மெல்ல இருபுறமும் அசைத்து விடுவியுங்கள். பிறகு அச்சில் வெப்பம் தாங்கும் செப்பு கிரீஸ் தடவுங்கள். என் வண்டியின் விளக்கு இப்படித்தான் அணைந்தது, புதிய பாகம் எதுவும் வாங்கவில்லை.

பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டி என்றால் என் பதில் வேறு. வால்வே இல்லாத முழு எக்ஸாஸ்ட் குழாயைப் பொருத்தி, அதற்கேற்ப எரிபொருள் அளவையும் இசியூவில் திருத்தி, அதன்பின் மோட்டாரைத் தாராளமாகக் கழற்றலாம். பழைய குழாயிலிருந்து தகட்டை மட்டும் அறுத்தெடுப்பவர்கள் அச்சு இருந்த துளைகளை வெல்டிங் செய்து அடைக்க வேண்டும். இல்லையேல் அங்கிருந்து வாயு கசிவதோடு வெளிக்காற்றும் உள்ளே புகுந்து, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிச்சத்தம் கேட்கும். கழற்றிய மோட்டாரையும் கேபிள்களையும் எறியாமல் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பின்னாளில் வண்டியை விற்கும்போது விவரம் தெரிந்தவர்கள் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.