சுடாத கேக்

கேள்வி: சீனாவில் பண்டிகைக்குப் பரிசு கொடுப்பது பழைய வழக்கம்தானே, அதைப் போய் லஞ்சம் என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: வழக்கம்தான், யார் இல்லை என்றது? புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம், நிலவுப் பண்டிகைக்கு மூன்கேக், எல்லாம் சரி. வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் அதிகாரியாகவும் கொடுக்கிறவர் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருப்பவராகவும் இருந்தால்தான் வில்லங்கம். அதிலும் மூன்கேக் கூப்பன் (கடையில் கொடுத்துக் கேக் வாங்கிக்கொள்ளும் சீட்டு) இருக்கிறதே, அது தனி வித்தை: கடையில் ஒரு நிறுவனம் கூப்பன் வாங்கி அதிகாரிக்குக் கொடுக்கும், அவர் அதைத் தெருமுனைத் தரகரிடம் காசாக்குவார், தரகர் அந்தக் கடைக்கே தள்ளுபடியில் திருப்பி விற்பார், கடைசிவரை கேக்கை யாரும் சுடவே வேண்டாம்! 2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் தலைமை அதிகாரிகளின் ஆடம்பரத்தை அடக்க எட்டு அம்சக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, மறு வருஷமே அரசுப் பணத்தில் மூன்கேக் வாங்கத் தடை.

அப்புறம், சுவர்க்கடிகாரம் மட்டும் அங்கே யாருக்கும் பரிசளித்துவிடாதீர்கள். சீன மொழியில் ‘கடிகாரம் கொடுப்பது’ என்று சொன்னால், சாகப்போகிற ஒருவரை வழியனுப்புவது போலக் காதில் விழும். கைக்கடிகாரமும் சிலருக்கு ஆகவில்லை. ஷான்ஷி மாகாண அதிகாரி யாங் தாசாய் புகைப்படத்துக்குப் புகைப்படம் வேறுவேறு விலையுயர்ந்த கடிகாரம் கட்டியிருந்ததை 2012இல் இணையவாசிகள் தோண்டியெடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஊழல் வழக்கில் 14 ஆண்டு சிறை.