பதில்: பொடி மட்டி அள்ளுவதை நிறுத்துவது எப்படி?

வணக்கம் அண்ணே. கழிமுகத்தில் பொடி மட்டியையும் (இன்னும் வளராத சின்னச் சிப்பி) சேர்த்து வாரிவிடுகிறார்கள், ஊர்க் கட்டுப்பாடு ஒரு மாதம்கூட நிற்கவில்லை, மீன்வளத்துறையைக் கூப்பிட்டால் நம் உரிமை போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள்.

கொல்லம் அஷ்டமுடிக் காயலிலும் இதே கதைதான். ஏற்றுமதி சூடுபிடித்ததும் 1991-இல் 10,000 டன் வரை அள்ளினார்கள். 1993-க்குள் அது பாதியாகிவிட்டது. அப்புறம்தான் கட்டுப்பாடுகள் வந்தன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளக் கூடாது. வலைக்கண் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஒரு கிலோ மட்டி இறைச்சியை எண்ணிப் பார்த்து 1,400-க்கு மேல் இருந்தால் ஏற்றுமதிக்குப் போகாது. தண்ணீரில் யாரையும் துரத்த வேண்டாம் பாருங்கள். விலை போகாத பொடியை யார் வாருவார்?

அதனால் வியாபாரியை முதலில் கூட்டத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவரைத்தான் யாரும் அழைக்கவில்லை.

சரி, உரிமை விஷயம். அஷ்டமுடியில் மட்டி அள்ளுவதை நிர்வகிக்க ஒரு குழு இருக்கிறது. அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர்தான், ஆனால் மட்டித் தொழிலாளர்களும் அதில் உண்டு. 2014-இல், வளம் அழியாமல் மீன்பிடிப்பதற்கு உலக அளவில் தரும் எம்.எஸ்.சி. சான்றும் கிடைத்தது, இந்தியாவிலேயே முதலாவது. துறையிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். விதியை ஊரே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, தடை மாதங்களில் அடுப்பு எரிய என்ன வழி என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். எங்கள் பக்கம் அதை விட்டுவிட்டோம். பத்தாவது நாளே ராத்திரியில் தோணி இறங்கிவிட்டது.