வன்னிக் காணியில் நிற்கும் பாலை மரத்தால் ஏதும் பயன் உண்டா? வெட்டி விற்றுவிடலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காணி இலங்கையின் வடக்கே, வன்னியில் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமாக இருக்கும். பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர் போன் எடுத்து, "மரத்தைக் கேட்டு ஆள் வந்திருக்கு" என்றிருப்பார். பிழையென்றால் மன்னிக்கவும்.

சப்போட்டாவும் பாலையும் ஒரே பேரினமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓம், இரண்டும் மணில்காரா. அந்தப் பெயரே மலையாளத்திலிருந்து போனதுதான். நம்முடைய இலுப்பையும் இதே குடும்பம். எதைக் கீறினாலும் பால் வடியும். சப்போட்டாப் பாலில்தான் முன்பு சூயிங்கம் செய்தார்கள். தென் அமெரிக்காவில் வளரும் இதே பேரினத்து இன்னொரு மரத்தின் பாலைத்தான் முன்பு கோல்ஃப் பந்துக்கு மேலுறையாகப் போட்டார்கள். (வெட்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் வேறு குடும்பம். ஐந்திணையில் வரும் பாலை எது என்று சண்டை பிடிக்க வருகிறவர்கள் தனிக் கேள்வி போடுங்கள்.)

இனி என் கதை. 2017 இல் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அப்பப்பாவின் பழைய வீட்டை இடித்தோம். அண்ணா கனடாவில், அக்கா பிரான்ஸில், வீட்டில் அம்மாவும் நானும். கூரைக்குக் கீழே கறுத்துப்போன நான்கு தீராந்திகள், அதாவது கூரை தாங்கும் பெரிய உத்தரங்கள், கிடந்தன. பழைய மரச்சாமான் எடுக்கிற ஒருவர் வந்து, தடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "தம்பி, இது உக்கின மரம், லொறிக் கூலிக்கும் காணாது" என்றார். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாவும் "குடுத்து விடடா, இடம் துப்புரவாகட்டும்" என்றான். ஓட்டோடு சேர்த்து ஒரு தொகைக்குக் கொடுத்தேன். தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏற்றும்போது ஒரு தீராந்திக்கு ஆறு பேர் பிடித்தார்கள். உக்கின மரத்துக்கு ஏன் ஆறு பேர் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

லொறிக்குள் அடங்கட்டும் என்று அறுத்த முனைத் துண்டு ஒன்று முற்றத்தில் கிடந்தது. அறுக்கும்போதே வாளின் பல்லில் புகை வந்தது. அடுத்த கிழமை கதவு வேலைக்கு வந்த ஓடாவியார் அதை முட்டுக் கொடுக்க எடுத்து, ஒரு ஆணி அடித்தார். வளைந்தது. இன்னொன்று, அதுவும் வளைந்தது. துண்டைத் திருப்பி அறுத்த பக்கத்தைப் பார்த்தார். கறுப்பு மேலோடு நகத்தளவுதான், உள்ளே பழுப்புச் சிவப்பில் இரும்பு மாதிரி இருந்தது. ஒன்றும் பேசாமல் கிணற்றடித் தொட்டிக்குள் போட்டார். கல்லுப்போல நேரே அடிக்குப் போய்விட்டது. "பாலை எண்டு தெரியாமலோ குடுத்தனீர்?" என்று மட்டும் கேட்டார்.

பாலை மரம் காய்ந்தாலும் தண்ணீரில் தாழும். துளை போடாமல் ஆணி இறங்காது. ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை, பாலத்துக்கு உத்தரம், உலக்கை எல்லாம் இதில் செய்தது அதனால்தான். தமிழ்நாட்டில் இதற்கு உலக்கைப்பாலை என்றே ஒரு பெயர் உண்டு. 1990 இல் போரால் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு பாதையிலிருந்த கட்டைகள் பங்கருக்குப் போயின. ஷெல்லுக்குத் தாங்கும் என்று தெரிந்துதானே போட்டார்கள். குவாத்தமாலாவில் மாயன் கோயில்களின் வாசலுக்கு மேலே போட்ட சப்போட்டா மரம் ஆயிரம் வருடம் தாண்டியும் இருக்கிறது. நம் ஆட்களுக்கோ முதிரை, தேக்கு என்றால்தான் மரம். பாலை பளபளக்காது, அதுதான் குறை.

பழத்தை விட்டுவிட்டேன். 1996 இல் போரில் இடம்பெயர்ந்து வன்னியில் மல்லாவியில் இருந்தோம். பழப் பருவத்தில் பாலைப்பழம் சுண்டுக் கணக்கில் வரும், மஞ்சளாக, வேப்பம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. பத்துப் பழத்துக்கு மேல் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவா. காட்டுக்குள் பொறுக்கப் போக விடமாட்டா, கரடிக்கும் இந்தப் பழம் என்றால் உயிர். இப்போது சிலர் பழத்துக்காகக் கொப்போடு வெட்டி விழுத்துகிறார்கள். கரடிகூட அப்படிச் செய்யாது.

தீராந்தி விற்ற காசையும் மூன்றாகப் பிரித்தோம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணா கணக்குக் கேட்டான். அந்தப் பழைய வீட்டில் நான் வௌவால் எச்சம் கூட்டியதற்கும், அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் வெயிலில் காத்து நின்றதற்கும் கணக்கில் இடமில்லை. இதைக் குடும்ப வட்ஸ்அப்பில் எழுதப்போய்த்தான் ஆறு மாதம் பேச்சில்லாமல் இருந்தோம். வெளிநாட்டில் இருக்கிற எல்லாரையும் சொல்லவில்லை, உங்களையும் சொல்லவில்லை. ஆனால் காணியைப் பார்க்கிற சொந்தக்காரருக்கு ஏதும் கொடுக்கிறீர்களா?

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். என் சொல் கேட்டால் வெட்டாதீர்கள். பாலை மிக மெதுவாக வளரும், இன்று கன்று வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தீராந்தி கிடைக்காது. பக்கத்தில் கன்றுகள் முளைத்திருந்தால் அவற்றில் சப்போட்டாவை ஒட்டலாம், இந்தியாவில் அப்படித்தான் ஒட்டுக்கன்று செய்கிறார்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் முதலில் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் லொறியில் ஏற்றினால் வழியில் மறிப்பார்கள். விலை பேச வருகிறவர் "கோறை மரம், உள்ளே ஒன்றுமில்லை" என்று தொடங்குவார். காய்ந்த கொப்பில் ஒரு துண்டு அறுத்து, அவருக்கு முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீருக்குள் போடச் சொல்லுங்கள்.