ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சுக்கு முன் கால்பந்தில் ஸ்வீடனுக்காக அதிக கோல் அடித்தவர் யார்? அவரைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை?

ஸ்வென் ரிடெல். 43 ஆட்டங்களில் 49 கோல். முதன்முதலில் பார்த்தபோது இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நான் ஸ்லாட்டன் ரசிகன். 2014 செப்டம்பர் 4 அன்று எஸ்டோனியாவுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் போட்டு 50-ஐத் தொட்டார். அது அவருக்கு 99-ஆவது சர்வதேச ஆட்டம். யாருடைய சாதனையைத் தாண்டினார் என்று தேடப் போய்த்தான் ரிடெலிடம் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து அவர் என் மனதை விட்டுப் போகவில்லை.

1905-இல் கோத்தன்பர்க் நகரில் பிறந்தவர். அந்த ஊரின் ஓர்கிரூட்டே கிளப்புக்காக ஆடினார். ஸ்வீடன் மண்ணில் நடந்த முதல் கால்பந்து ஆட்டத்தை 1892-இல் ஆடி வென்ற கிளப் அது. அந்த அணியில் அங்கே ஆலை வேலைக்கு வந்திருந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் இருந்தார்கள். ரிடெல் காலத்தில் கிளப் 1926, 1928 என இரண்டு முறை லீக் பட்டம் வென்றது. சம்பளம் கிடையாது. அன்றைக்கு ஸ்வீடனில் எல்லாருமே அமெச்சூர்கள்தான். காசுக்கு ஆடக் கூடாது என்ற விதி அங்கே 1967 வரை இருந்தது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கைச் சொல்லாமல் இவர் கதையைச் சொல்ல முடியாது. அப்போது இவருக்கு 19 வயது. நடப்புச் சாம்பியனான பெல்ஜியத்தை ஸ்வீடன் 8-1 என்று நொறுக்கியது. அதில் இவருக்கு ஹாட்ரிக், அதாவது மூன்று கோல். எகிப்துக்கு எதிரான 5-0 வெற்றியில் இன்னொரு கோல். அரையிறுதியில் சுவிட்சர்லாந்திடம் 2-1 என்று தோற்றார்கள். வெண்கலத்துக்காக நெதர்லாந்துடன் ஆடிய ஆட்டம் 1-1 என்று முடிந்ததால் மறுநாளே திரும்ப ஆட வேண்டியிருந்தது. அதை ஸ்வீடன் 3-1 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் இந்தப் பையனுடையது. கால்பந்தில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது. ரிடெல் நாட்டுக்காக ஆடியது 1923 முதல் 1932 வரை. 1928 ஒலிம்பிக் கால்பந்துக்கு ஸ்வீடன் போகவில்லை. 1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பைக்கும் போகவில்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கால்பந்தே இல்லை. 1934 உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் போய்க் காலிறுதி வரை வந்தது, ஆனால் அதற்குள் இவர் காலம் முடிந்திருந்தது. ஆக, 19 வயதில் ஆடிய அந்த ஒரே தொடரைத் தவிர உலகம் பார்க்க இவருக்கு மேடையே வாய்க்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் கோல் அடிப்பது சுலபம் என்று சிலர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பந்து வரும்போது முன்கள வீரர் எங்கே நிற்கலாம் என்று சொல்லும் ஆஃப்சைடு விதி 1925-இல் தளர்ந்தது: அதுவரை முன்கள வீரருக்கும் கோல் எல்லைக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும், அதன்பின் இரண்டு பேர் போதும். ஆனால் பெல்ஜியத்துக்கு எதிரான ஹாட்ரிக் அதற்கு முந்தையது. சொந்த நாட்டார் இவரை மதித்தார்கள். ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் நாளிதழ் ஆண்டின் சிறந்த விளையாட்டுச் சாதனைக்குத் தரும் தங்கப் பதக்கத்தை 1931-இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் இவர்தான்.

இந்தச் சாதனையை ஸ்லாட்டனுக்கு வெகு முன்பே முறியடித்திருக்கக் கூடியவர் ஒருவர் இருந்தார்: குன்னார் நோர்தால். 33 ஆட்டங்களில் 43 கோல். 1949 ஜனவரியில், 27 வயதில், மிலான் கிளப்புக்குத் தொழில்முறை வீரராகப் போனார். காசு வாங்கியவருக்குத் தேசிய அணியில் இடமில்லை என்பதால் கணக்கு அங்கேயே நின்றது. இன்னும் ஏழு கோல் அடித்திருந்தால் போதும். ரிடெலை அமெச்சூராகவே வைத்திருந்த அதே விதிதான் அவர் சாதனைக்குக் காவலாகவும் நின்றது.

ரிடெல் 1975-இல் இறந்தார். அப்போது அந்த 49-க்கு 43 வயது. அதைத் தாண்ட ஒருவர் வருவதற்கு இன்னும் 39 வருடம் இருந்தது.