ஸ்கிரீன் அணையுது, சிஸ்டம் தூங்கல: கேள்வி பதில்

கே: விண்டோஸ் 11 டெஸ்க்டாப். 15 நிமிஷத்துல ஸ்லீப்னு வச்சிருக்கேன். ஸ்கிரீன் அணையுது, ஃபேன் ராத்திரி முழுக்க ஓடுது. என்ன பண்றது அண்ணா?

ப: எதுவோ அதைத் தூங்கவிடாம பிடிச்சு வச்சிருக்கு. எதுன்னு சிஸ்டத்தையே கேளுங்க. ஸ்டார்ட்ல சிஎம்டின்னு (cmd, கட்டளை டைப் பண்ற ஜன்னல்) தேடி, ரைட் கிளிக், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. 'பவர்சிஎஃப்ஜி' (powercfg), ஒரு இடைவெளி, சாய்கோடு (/), ஒட்டி 'ரிக்வெஸ்ட்ஸ்' (requests), என்டர். எல்லாத் தலைப்புக்கும் கீழே 'நன்'னு (None, எதுவும் இல்லை) வந்தா யாரும் பிடிக்கல. 'சிஸ்டம்' கீழே ஆடியோ டிரைவர் பேர் வந்தா, ஏதோ டேப்போ மீட்டிங் ஆப்போ ஆடியோவை விடாம வச்சிருக்கு; மூடிப் பாருங்க. 'எஸ்ஆர்வி நெட்'னு (srvnet) இருந்தா, நீங்க ஷேர் பண்ணின ஃபோல்டரை வீட்டுல வேற கம்ப்யூட்டரோ டிவியோ பயன்படுத்துது. எல்லாத்தையும் மூடிட்டு இதை ஓட்டாதீங்க. திருடனை அனுப்பிட்டு வீட்டைச் சோதிக்கிற கதை அது.

கே: எல்லாமே 'நன்'. அப்பவும் தூங்கலையே?

ப: ஸ்லீப் நேரத்தை 2 நிமிஷமாக்கிட்டு யூஎஸ்பி சாமான்களை ஒவ்வொண்ணா கழட்டுங்க, கேம்பேடை முதல்ல. அசையுற மவுஸும் நேரக்கணக்கைத் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே கொண்டுபோயிடும். அடுத்து பவர் பிளான்ல மல்டிமீடியா செட்டிங்ஸ், 'வென் ஷேரிங் மீடியா': 'அலோ த கம்ப்யூட்டர் டு ஸ்லீப்'.

கே: பவர் மெனுவுல ஸ்லீப்பே காணோம்.

ப: அதே பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு ஏ (a). எந்த ஸ்லீப் கிடைக்கும், எது கிடைக்காதுன்னு காரணத்தோட சொல்லும். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் போடாம இருப்பீங்க.

கே: தூங்குது, உடனே முழிச்சுக்குது.

ப: அது வேற நோய். பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு லாஸ்ட்வேக் (lastwake); கடைசியா எது எழுப்புச்சுன்னு காட்டும். நெட்வொர்க் கார்டுன்னு வந்தா, டிவைஸ் மேனேஜர்ல அதோட பவர் மேனேஜ்மென்ட்ல 'மேஜிக் பாக்கெட்' (எழுப்புறதுக்குன்னே நெட்வொர்க்ல அனுப்புற சிக்னல்) மட்டும் எழுப்பட்டும்னு டிக் பண்ணுங்க.

கே: 'ரிக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடு' போட்டா முடிஞ்சுதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க.

ப: அது, இன்ன ஆப் பிடிச்சு வச்சா கண்டுக்காதேன்னு சிஸ்டத்துக்குச் சொல்ற கட்டளை. எது பிடிக்குதுன்னு தெரியாம போடாதீங்க. பேக்கப் சாஃப்ட்வேரைப் போய் ஓவர்ரைடு பண்ணினா, பாதி காப்பியில சிஸ்டம் தூங்கிடும்.

கே: எதுக்கு இந்தப் பாடு? ஷட்டவுன் பண்ணுங்க சார்.

ப: ஹைபர்னேட்னா, ரேம்ல இருக்கிறதை டிஸ்க்ல எழுதி வச்சுட்டு முழுசா அணையறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் ஆன் ஆகுறதுக்கான விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா உங்க ஷட்டவுனே பாதி ஹைபர்னேட்தான், விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்ல எழுதி வச்சுட்டுத்தான் அணையுது. ஸ்லீப்போட உண்மையான ஆபத்து கரண்ட் கட். வேலையெல்லாம் ரேம்ல மட்டும் இருக்கும், கரண்ட் போனா அழிஞ்சுடும். யூபிஎஸ் இல்லாத வீட்டுல ஹைபர்னேட் வைங்க.

கே: ஹைபர்னேட் எஸ்எஸ்டியைத் தேய்ச்சுடும் ப்ரோ.

ப: கணக்குப் போடுவோம். தினம் 5 ஜிபி எழுதினா வருஷத்துக்கு 1.8 டிபி. 300 டிபி எழுத வாரன்டி உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 160 வருஷம் ஆகும்.

கே: தினம் நாலு தடவை போட்டா?

ப: 40 வருஷம். உங்க மதர்போர்டு அதுக்கு முன்னாடி போயிடும்.

கே: அண்ணா, ஸ்கிரீன் அணையுது, ஃபேன் மட்டும் ஓடுது...

ப: முதல் பதில்.

கே: என்னோடது லேப்டாப் அண்ணா.

ப: அதுக்கும் முதல் பதில்.